பார்க்காததை ஊதாதவள்

என் அக்காவைக் குருடி என்று கத்தாத கல்லூரி இந்த ஊரில் ஒன்றுகூடக் கிடையாது. கத்திய தொண்டை ஆறுவதற்குள் அதே பையன்கள் அவளிடமே கண்ணாடி போட்டுக்கொள்ள வருவார்கள். அவள் வேலை பார்த்தது மூக்குக்கண்ணாடிக் கடையில். சனி, ஞாயிறுகளில் கல்லூரிக் கூடைப்பந்து ஆட்டங்களுக்கு நடுவர். மற்ற நாட்களில் வெள்ளை மேலங்கி மாட்டிக்கொண்டு கண்ணாடிக்கு லென்ஸ் தேய்ப்பவள். பையன் வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் அவன் மூக்கில் ஃப்ரேமை வைத்து, காதுக்குப் பின்னால் எங்கே அழுத்துகிறது என்று விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே மெதுவாகக் கேட்பாள்.

"போன வாரம் கத்தினது நீதானே? பின்வரிசை, தூணுக்குப் பக்கத்துல."

பையன் நாற்காலியில் நெளிவான்.

"பரவாயில்ல. தூரத்துல இருக்கறது உனக்குக் கொஞ்சம் மங்கலாத்தான் தெரியுது. இனிமே சரியாயிடும்."

அவள் போன பிறகு, உள்விளையாட்டு அரங்கில் அவளுக்காக ஒரு இரங்கல் கூட்டம் போட்டார்கள். கோச்சுகள், பழைய ஆட்டக்காரர்கள், சக நடுவர்கள் என்று ஒருவர் விடாமல் மைக்கைப் பிடித்து, அவளைப் போல நேர்மையான நடுவர் உண்டா என்றார்கள். இவர்களில் பாதிப் பேர் அவளை உண்டு இல்லை என்று பண்ணியவர்கள். ஒரு நடுவரைப் பற்றி எல்லோரும் நல்லதாகவே பேசினால் ஆட்டத்தில் ஏதோ கோளாறு என்பாள் அக்கா. அன்று எனக்கும் அப்படித்தான் இருந்தது. நல்ல வார்த்தைகளாகக் கேட்கக் கேட்க, அவர்கள் வேறு யாரையோ பற்றிப் பேசுவது போல ஆகிவிட்டது. நேர்மை நேர்மை என்று சொன்னார்களே, அது ஒருமுறை எங்கள் வீட்டுக்குள் பட்ட பாடு அங்கே இருந்தவர்களில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருவர் மாமா. இன்னொருவன் நான்.

மாமா என்றால் அக்காவின் கணவர். பச்சைச் சட்டைக் கல்லூரியின் கூடைப்பந்துக் கோச். அவர்களுடைய கல்யாணமே ஒரு சண்டையில் முளைத்தது. மாமா அப்போது புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த இளைஞர். அக்காவும் புது நடுவர். ஆட்டம் சூடு பிடித்ததும் மாமா பெஞ்சை விட்டு எழுந்து கோட்டோரம் வந்து நின்றுகொண்டார். பந்து எந்தப் பக்கம் போனாலும் இவரும் கூடவே போனார். அக்கா ஆட்டத்தை நிறுத்தி அவரிடம் வந்தாள்.

"உட்காருங்க சார்."

"உட்கார்ந்தா ஒண்ணும் தெரியல மேடம்."

"உங்களுக்குத் தெரிய வேண்டாம். எனக்குத் தெரிஞ்சா போதும்."

மாமா உட்கார்ந்தார். உட்கார்ந்த இடம் சூடாவதற்குள் மறுபடியும் எழுந்தார். அக்கா ஒரு உள்ளங்கையைப் படுக்கவைத்து மறு கையை அதன் அடியில் முட்டுக்கொடுத்தாள். டெக்னிக்கல் ஃபவுல். அதாவது ஆட்டக்காரன் செய்த தப்புக்கு அல்ல, வாய்க்கொழுப்புக்கு. சிறிது நேரம் கழித்து இன்னொன்று. இரண்டு வாங்கினால் கோச் வெளியே போக வேண்டும். மாமா போனார். போனவர் வெளியே சைக்கிள் நிறுத்தும் கம்பி மேல் ஏறி நின்று, மிச்ச ஆட்டத்தை ஜன்னல் வழியாகப் பார்த்தார். ஆட்டம் முடிந்ததும் மன்னிப்புக் கேட்கப் போனவர் அதன் பிறகும் அடிக்கடி மன்னிப்புக் கேட்கப் போனார். குற்றமே செய்யாத நாட்களிலும் போனார். அக்கா வீட்டில் வந்து விஷயத்தைச் சொன்னபோது அப்பா கேட்டது ஒன்றுதான்: "வெளிய அனுப்பினவனையே வீட்டுக்குள்ள கூட்டிட்டு வரப்போறியா?"

கல்யாணத்துக்குப் பிறகு மாமாவின் அணி ஆடும் ஆட்டம் எதையும் நடுவர் குழு அவளுக்குக் கொடுக்காது. அந்த ஆட்டங்களுக்கு அவள் மனைவியாகப் போவாள். பச்சை பெஞ்சுக்கு நேர் பின்னால், முதல் வரிசையில், ஒரு குறிப்பிட்ட இருக்கை. பக்கத்து இருக்கை, அவர்கள் வீட்டு மாடியில் தங்கியிருந்த எனக்கு. மாமாவின் பையன்கள் என்ன அற்புதம் செய்தாலும் கை தட்ட மாட்டாள். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரியில் முறைக்குக் காத்திருப்பவள் போல உட்கார்ந்திருப்பாள். "அடுத்த வாரம் அந்த இன்னொரு டீமுக்கு நான் ஊதணும்டா," என்பாள்.

அவளுடைய தொழிலில் இரண்டு கட்டுப்பாடுகள் இருந்தன. ஒன்று, இன்னொரு நடுவர் ஊதியதைப் பற்றி வெளியே வாய் திறக்க மாட்டாள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகு மாமாவிடம் மட்டும் பிரித்து மேய்வாள். இரண்டாவது, பார்க்காததை ஊத மாட்டாள். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் திடலில் 'பட்'டென்று ஒரு சத்தம் கேட்கும், ஒருவன் சுருண்டு விழுவான், கூட்டம் ஓவென்று எழும்பும். கை தானாக விசிலுக்குப் போகும். அந்தக் கையைத்தான் பிடித்து வைக்க வேண்டும் என்பாள். "விழுந்தவனைப் பாத்து ஊதினா அது பரிதாபம். இடிச்சவனைப் பாத்து ஊதினாதான் ஃபவுல்."

திடலின் சைகைகள் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டன. கூடைப்பந்தில் அதிகச் சண்டை வருவது ஒரே ஒரு விஷயத்தில்தான். ஒருவன் பந்தோடு கூடையை நோக்கிப் பாய்கிறான். இன்னொருவன் குறுக்கே நிற்கிறான். இருவரும் மோதி விழுகிறார்கள். நிற்பவன் முன்னாலேயே வந்து நின்றுவிட்டான் என்றால் தப்பு பாய்ந்தவனுடையது. அதற்குச் சைகை, முஷ்டியை உள்ளங்கையில் குத்துவது. நிற்பவன் கடைசி நேரத்தில் நகர்ந்து வந்து குறுக்கே விழுந்தான் என்றால் தப்பு அவனுடையது. அதற்கு இரண்டு கையையும் இடுப்பில் வைக்க வேண்டும். சமையலறை வாசலில் மாமா வழியை அடைத்துக்கொண்டு நின்றால் அக்கா இடுப்பில் கை வைப்பாள். அவள் அவசரத்தில் வந்து அவர் காபியைத் தட்டிவிட்டால் அவர் உள்ளங்கையில் குத்திக் காட்டுவார். வெளியார் யாராவது பார்த்தால் இந்த வீட்டில் ஊமைகள் குடியிருக்கிறார்கள் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வீட்டில் ஒரு வருஷம் இரண்டு ஆசைகள் ஒரே நேரத்தில் வந்து நின்றன. கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியின் ஃபைனல் அக்காவுக்கு அதுவரை கிடைத்ததே இல்லை. அவளுக்குப் பின்னால் வந்தவர்களெல்லாம் ஊதிவிட்டார்கள். மாமாவின் அணியும் ஃபைனலை எட்டிப் பார்த்ததில்லை. வழக்கமாக இரண்டாம் சுற்றிலேயே பையைக் கட்டிவிடும். அந்த வருஷம் அது அரையிறுதிக்கு வந்துவிட்டது. அதே வாரம் நடுவர் குழுவின் செயலாளர் அக்காவைக் கூப்பிட்டு, இந்த முறை ஃபைனல் உங்களுக்குத்தான், உங்க வீட்டுக்காரர் டீம் அதுல இல்லாம இருந்தா, என்று சொன்னார்.

இந்தச் சேதியை அக்கா சாப்பாட்டு மேசையில் சொன்னபோது மாமா கரண்டியைக் கீழே வைத்தார்.

"அப்ப நான் ஜெயிச்சா உனக்கு ஃபைனல் இல்லாமப் போயிடும்."

"ஆமா. நீங்க தோத்தா எனக்கு வரும். எப்படியும் வீட்டுக்கு ஒரு ஃபைனல் வருது, சாப்பிடுங்க."

மாமா சிரித்தார். அக்காவும் சிரித்தாள். அவள் மாமா தோற்க வேண்டும் என்று நினைத்தாளா என்று என்னைக் கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். அந்த வாரம் முழுக்க அவர் பையன்களின் சட்டைகளை அவள்தான் துவைத்து மடித்தாள். ஆனால் தன் விசிலையும் ஒரு தடவை எடுத்து வெந்நீரில் கழுவி வைத்தாள். அதையும் நான் பார்த்தேன்.

அரையிறுதி கறுப்புச் சட்டைக் கல்லூரியோடு. அவர்கள் அணியில் ஒருவன் இருந்தான், எல்லோரும் அவனை பீரோ என்று கூப்பிடுவார்கள். பெயர்க் காரணம் கேட்க வேண்டியதில்லை, பார்த்தாலே போதும். மாமாவின் அணியில் நட்சத்திரம் கொக்கு. காலும் கழுத்தும் மட்டுமே உள்ள பையன், ஆனால் பந்து கைக்கு வந்துவிட்டால் ஆளைப் பிடிக்க முடியாது. நடுவர்களில் மூத்தவர் மீசை. வங்கியில் காசாளர். மீசை பெரிது, குரல் சிறிது. அக்காவோடு பல வருஷம் சேர்ந்து ஊதியவர்.

ஆட்டம் முடிய மூச்சு விடும் நேரம்தான் பாக்கி. பச்சை ஒரே ஒரு புள்ளி பின்னால். பந்து கொக்கிடம். இரண்டு பேரைத் தாண்டிக்கொண்டு கூடையை நோக்கிப் பாய்ந்தான். பீரோ குறுக்கே வந்தான். அல்லது குறுக்கே நின்றிருந்தான். அதுதானே வழக்கே. மோதல், விசில், பந்து வளையத்துக்குள் விழுந்த சத்தம் எல்லாம் ஒன்றாகக் கேட்டன. மீசை ஓடி வந்து முஷ்டியை உள்ளங்கையில் குத்தினார். பாய்ந்தவன் தப்பு. கூடை செல்லாது. மாமாவின் அணி ஒரு புள்ளியில் தோற்றது.

அரங்கமே இரண்டாகப் பிரிந்து கத்தியது. மீசையிடம் போய் நின்ற மாமாவை அவருடைய பையன்களே இழுத்து வந்தார்கள். கொக்கு தரையை விட்டு எழுந்திருக்கவில்லை. கூட்டம் மெல்ல அடங்கியதும் ஒவ்வொரு தலையாக எங்கள் பக்கம் திரும்பியது. கண் பார்வையாலேயே கேட்டார்கள்: நீங்க சொல்லுங்க. அக்கா மடியில் இருந்த கையை எடுக்கவில்லை. மாமாவும் பெஞ்சில் இருந்தபடியே திரும்பி அவளைப் பார்த்தார். வீட்டுக்கு வா, கதவைச் சாத்தியதும் பேசலாம் என்கிற பார்வை.

வீட்டுக்கு வந்தோம். கதவைச் சாத்தினோம்.

"இப்ப சொல்லு," என்றார் மாமா. "பீரோ நகர்ந்தானா இல்லையா?"

"நான் பாக்கல."

"என்னது?"

"பாக்கலங்க. தெரியல."

மாமா அதை வேடிக்கை என்றுதான் முதலில் நினைத்தார். பிறகு, தோற்ற மனுஷனைப் புண்படுத்த வேண்டாம் என்று மறைக்கிறாள் என்று நினைத்தார். மீசை தப்பாக ஊதியிருந்தால் அதைத் தாங்கிக்கொள்வேன், சரியாக ஊதியிருந்தால் அதையும் தாங்கிக்கொள்வேன், எதுவாக இருந்தாலும் சொல் என்று கெஞ்சிப் பார்த்தார். அக்கா அதையே திருப்பிச் சொன்னாள். மாமாவுக்குக் கோபம் ஏறியது. கடையில் லென்ஸில் முடி அளவு கீறல் விழுந்தால்கூடக் கண்டுபிடிக்கிறவள், கண்ணுக்கு எதிரே நடந்ததைப் பார்க்கவில்லை என்றால் எந்த முட்டாள் நம்புவான் என்று கேட்டார். நான் மாடியில் இருக்கும் என் அறைக்கு நழுவப் பார்த்தேன். நீயும் இரு என்று இருவருமே சொன்னார்கள்.

அதன் பிறகு வீட்டில் பேச்சு நின்றது. அதாவது, அவர்களுக்குள் நின்றது. எனக்கு ஓவர்டைம்.

"மாப்ள, உங்க அக்காகிட்ட என் நீலச் சட்டை எங்கன்னு கேளு."

"டேய், உங்க மாமா போட்டிருக்கறதே நீலச் சட்டைதான்னு சொல்லு."

இருவருக்கும் நடுவில் நான் கம்பியில்லாத் தந்தி போல நின்றுகொண்டிருந்தேன். காபியைத் தட்டிவிட்டாலும் யாரும் உள்ளங்கையில் குத்தவில்லை. சைகைகளும் நின்றுபோயின. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஒரு சாயங்காலம் மாமா சொல்லிவிட்டார். வெகு நேரம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு இருந்தவர், திரும்பாமலே சொன்னார்.

"மீசை ஊதினது தப்புன்னு நீ சொன்னா, நாங்க ஃபைனல்ல இருக்க வேண்டியவங்கன்னு ஆயிடும். உன் ஃபைனல் எங்களுக்குச் சேர வேண்டியதுன்னு ஆயிடும். உனக்கு அது வேணும். அதான் பாக்கலங்கற."

அக்கா அடுப்பை அணைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு மாடிப்படிக்கு வந்து உட்கார்ந்தாள். நானும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் அழவில்லை. திடலில் குருடி, திருடி என்று எல்லாம் கேட்டவள். அதெல்லாம் அவள் காதில் மழைச் சத்தம் மாதிரி. இது அப்படி இல்லை.

"அக்கா, நிஜமாவே பாக்கலையா?"

"பாக்கல."

"எப்படி? நாம முதல் வரிசைல இருந்தோம்."

அவள் என்னைப் பார்த்தாள். சொல்வதா வேண்டாமா என்று யோசித்தாள்.

"உங்க மாமா எழுந்து நின்னுட்டார்டா. எனக்கு நேர் முன்னாடி. ரெண்டு கையையும் வேற விரிச்சுக்கிட்டார். நான் பாத்தது அவர் முதுகைத்தான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வந்தது, ஆனால் பாதியில் நின்றது. நான் கீழே போய் இதைச் சொல்லிவிடுகிறேன் என்று எழுந்தேன். அவள் என் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தாள். இப்போது சொன்னால் அது சாக்குப் போலத்தான் இருக்கும் என்றாள். அது மட்டுமில்லை, தோற்றுப்போய் உட்கார்ந்திருக்கிற மனுஷனிடம், நீங்களே எழுந்து மறைத்தீர்கள் என்று வேறு சொல்ல வேண்டுமா என்றாள். "நான் பாக்கலன்னு சொன்னேன். ஏன் பாக்கலன்னு நிரூபிச்சாத்தான் நம்புவார்னா, அப்புறம் நான் என்ன பெண்டாட்டி, அவர் என்ன புருஷன்." நான் வாயை மூடிக்கொண்டேன்.

ஃபைனலை விட்டுவிடலாம் என்று அவள் முடிவு செய்தாள். ஊதாவிட்டால் மாமா சொன்னது பொய்யாகிவிடும் அல்லவா. மறுநாள் மதியம் கடையில் இருந்து செயலாளருக்குத் தொலைபேசியில் சொல்லப்போகிறேன் என்றாள். நான் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனபோது மீசை அங்கே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவருடைய மூக்குக்கண்ணாடியின் திருகாணி கழன்றுவிட்டதாம். அரையிறுதியில் மாமாவைக் கொன்றவர் கண்ணாடியில்லாமல் ஆந்தை போல விழித்துக்கொண்டிருந்தார். அக்கா சின்னத் திருப்புளியால் திருகிக்கொண்டே, விலகப்போவதை அவரிடம் சொன்னாள்.

மீசை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நீ விலகினா ஊர் என்ன சொல்லும்? மீசை தப்பா ஊதினான், அது உறுத்திதான் அவ விலகிட்டான்னு சொல்லும். அதாவது என் விசிலைப் பத்தி நீ வாயே திறக்காம தீர்ப்பு சொன்ன மாதிரி. நீ பாத்தியா அதை?"

"இல்ல."

"அப்ப பாக்காததை ஊதாதே."

அக்கா கண்ணாடியை அவர் மூக்கில் மாட்டி, இரண்டு பக்கமும் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்தாள். "உங்களுக்குப் பவர் மாத்தணும்," என்றாள். "அன்னைக்கே சொல்லியிருக்கலாமே, உன் வீட்டுக்காரருக்கு உதவியா இருந்திருக்கும்," என்றார் மீசை. தொலைபேசியை அவள் தொடவில்லை.

ஃபைனல் அன்று அக்கா பையை எடுத்துக்கொண்டு முன்னாலேயே கிளம்பிவிட்டாள். மாமா வரமாட்டேன் என்றார். பிறகு, பையன்கள் பார்க்கப் போகிறார்கள், அவர்களை மேய்க்க ஆள் வேண்டும் என்றார். பிறகு சட்டையைத் தேடினார். நான் அவரை அக்காவின் வழக்கமான இருக்கையில் உட்காரவைத்தேன். சத்தியமாக இதில் சதி ஏதும் இல்லை. கூட்டத்தில் எங்களுக்கென்று விட்டுவைத்திருந்த இடம் அதுதான். பின் வரிசையில் கொக்கும் மற்றப் பையன்களும். எங்களுக்கு முன்னால் இருந்த பெஞ்ச் அன்று கறுப்பு அணிக்கு. எதிரணி மஞ்சள்.

மாமா வாழ்க்கையில் ஒரு ஆட்டத்தை உட்கார்ந்து பார்த்தது அன்றுதான் முதல் தடவை. தண்ணீரில் இருந்து எடுத்துப் போட்ட மீன் போல இருந்தார். முழங்கால் தானாக ஆடியது. அக்கா ஊதுவதையும் அவர் ஒழுங்காகப் பார்த்தது அன்றுதான் என்று நினைக்கிறேன்; முன்பெல்லாம் வாங்கிக்கட்டிக்கொள்ளும் பக்கத்தில் இருந்தே பார்த்திருக்கிறார். அவள் பந்தைப் பார்க்கவில்லை, ஆட்டக்காரர்களின் காலைப் பார்த்துக்கொண்டு ஓடினாள். ஊதினால் ஒரே ஊது, குட்டையாக. கூட்டம் என்ன கத்தினாலும் முகத்தில் சலனம் இல்லை. "எப்படி ஓடுறா பாரு மாப்ள," என்றார் என்னை அறியாமல். இல்லை, தன்னை அறியாமல். உடனே இருமினார்.

கடைசி நிமிஷம். இரண்டு அணியும் சமம். மஞ்சள் பையன் ஒருவன் பந்தோடு கூடையை நோக்கிப் பாய்ந்தான். பீரோ குறுக்கே. அதே மூலை, ஏறக்குறைய அதே இடம். மாமா மூச்சைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தார்.

கறுப்பு கோச் எழுந்து நின்றார்.

நல்ல உடம்புள்ள மனிதர். கோட்டு வேறு போட்டிருந்தார். ஒரு கதவைச் சாத்தியது போல இருந்தது. அந்தக் கோட்டுக்குப் பின்னால் இருந்து மோதல் சத்தம் வந்தது, அக்காவின் விசில் வந்தது, அரங்கத்தின் அலறல் வந்தது. மாமா இடது பக்கம் எட்டிப் பார்த்தார், வலது பக்கம் எட்டிப் பார்த்தார். கோட்டு விலகியபோது பீரோவும் மஞ்சள் பையனும் தரையில் கிடந்தார்கள். அக்கா மேசைப் பக்கம் வந்து, நிதானமாக, இரண்டு கையையும் இடுப்பில் வைத்தாள்.

குறுக்கே வந்தவன் தப்பு. பீரோவின் தப்பு.

இப்போது கத்தல் வேறு மாதிரி ஆனது. புருஷனுக்காகப் பழி தீர்த்துட்டா என்று எங்கேயோ ஒரு குரல் ஆரம்பித்தது. கறுப்பு ஆதரவாளர்கள் வரிசை வரிசையாக அதைப் பிடித்துக்கொண்டார்கள். மஞ்சள் பையன் அந்தத் தப்புக்காகக் கிடைத்த இரண்டு ஃப்ரீ த்ரோவில் ஒன்றைப் போட்டான். அது போதுமாக இருந்தது. ஆட்டம் முடிந்தது. அன்று அரையிறுதியில் நடந்தது போலவே தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. இந்த முறை மாமாவை நோக்கி.

கொக்குதான் கேட்டான். பின்னால் இருந்து குனிந்து, மாமாவின் காதருகே, ஆனால் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

"கோச், நீங்க சொல்லுங்க. பீரோ நகர்ந்தானா?"

மாமா இன்னொரு முறை திடலை எட்டிப் பார்த்தார்.

"நான் பாக்கல," என்றார்.

பையன்கள் சிரித்துவிட்டார்கள். "சும்மா சொல்லாதீங்க கோச்." "முதல் வரிசைல உட்கார்ந்துட்டு பாக்கலையாம்." "வீட்டுல சோறு கிடைக்காதுன்னு பயப்படறார்டா." மாமா திரும்பி, சத்தியமாகப் பார்க்கவில்லை, முன்னால் ஒருத்தன் எழுந்து நின்றுவிட்டான் என்று விளக்க ஆரம்பித்தார். விளக்க விளக்கச் சிரிப்பு கூடியது. எங்கள் வரிசையில் இருந்த, முன்பின் தெரியாத ஒரு பெரியவர்கூட, புரியுது சார், புரியுது, என்று கண் சிமிட்டினார்.

பாதி வாக்கியத்தில் மாமா நின்றார். தான் உட்கார்ந்திருக்கும் இருக்கையைக் குனிந்து பார்த்தார். கைப்பிடியைத் தொட்டுப் பார்த்தார். முன்னால் இருந்த பெஞ்சைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் அவர் உட்காரவில்லை. கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். நடுவர்கள் கையெழுத்துப் போட்டு, குளித்து, கிளம்பி வர நேரமாகும். அக்கா வந்தாள். பையைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து ஷூ நாடாவை அவிழ்க்கத் தொடங்கினாள். என்னைப் பார்த்து, சாப்பிட்டாச்சான்னு உங்க மாமாவைக் கேளு, என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் மாமா அவள் எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"பையன்க கேட்டாங்க. உன் விசில் சரியான்னு."

அக்காவின் விரல்கள் நாடாவில் நின்றன.

"என்ன சொன்னீங்க?"

"பாக்கலன்னு சொன்னேன். முன்னாடி அந்தக் கோட்டுக்காரன் எழுந்து நின்னுட்டான். ஒருத்தன்கூட நம்பல."

அக்கா நிமிரவில்லை. ஒரு ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தாள். அவள் தோள் மெல்ல ஆட ஆரம்பித்ததும் அழுகிறாளோ என்று எனக்குத் திக்கென்றது. சிரித்துக்கொண்டிருந்தாள். அரையிறுதி நாளில் இருந்து அடக்கி வைத்திருந்த சிரிப்பு.

"உட்கார்ந்தா ஒண்ணும் தெரியலைன்னு நீங்கதானே சார் முதல்லயே சொன்னீங்க," என்றாள்.

மாமாவுக்குச் சிரிப்பு வரவில்லை. இன்னொரு ஷூவின் நாடாவை அவரே அவிழ்த்தார். முடிச்சு இறுகியிருந்தது, நேரம் எடுத்துக்கொண்டார்.

"ஏன் சொல்லல, நான்தான் மறைச்சேன்னு?"

"பாக்கலன்னு சொன்னேனே. அது போதாதா?"

"போதும்," என்றார் மாமா. "இனிமே போதும். நீ பாத்தேன்னா பாத்தது. பாக்கலன்னா பாக்கல."

பிறகு, தயங்கித் தயங்கி, ஒரு விஷயம் மட்டும் கேட்டார். இன்று நீ ஊதியது சரியா என்று கேட்கவில்லை. கால் வலிக்கிறதா என்று கேட்டார்.

அந்தப் பையன்கள் கடைசிவரை மாமாவை நம்பவில்லை. கொக்கு இப்போது இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன்; இரங்கல் கூட்டத்திலும் அதைச் சொல்லிச் சிரித்தான். அரையிறுதியில் பீரோ நகர்ந்தானா இல்லையா என்பதும் எங்கள் வீட்டில் தீராமலே போய்விட்டது. பார்த்தவர் மீசை ஒருவர்தான். அவர் பார்த்ததாகச் சொன்னார். அவ்வளவுதான்.

ஆனால் அந்த வருஷத்தில் இருந்து மாமாவுக்குப் புதிதாக ஒரு பழக்கம் வந்தது. ஆட்டம் சூடு பிடித்தால் அவரால் பெஞ்சில் இருக்க முடியாது, அது பிறவிக் குணம். எழுந்து கோட்டோரம் போவார். போனதும் சட்டென்று குந்தி உட்கார்ந்துகொள்வார். மற்ற கோச்சுகள் கேலி செய்வார்கள். பின்னாடி என் பெண்டாட்டி இருக்கா, மறைக்கக் கூடாது என்பார். நடுவர்கள் மட்டும் அவரை மிகவும் விரும்பினார்கள்.

இரங்கல் கூட்டம் முடிந்த அடுத்த வாரம் பச்சைக்கு ஒரு ஆட்டம் இருந்தது. நானும் போய் என் வழக்கமான இருக்கையில் உட்கார்ந்தேன். பக்கத்து இருக்கையில் யாரும் உட்காரவில்லை. யார் சொல்லி வைத்தார்களோ தெரியவில்லை. மாமாவுக்கு முழங்கால் இப்போது சுத்தமாகப் போய்விட்டது. கடைசி நிமிஷத்தில் எழுந்து கோட்டோரம் போனார். பெஞ்சில் இருந்த புதுப் பையன் ஒருவன் அவர் பின்னாலேயே ஓடி, நின்னுக்கிட்டே பாருங்க சார், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, என்றான்.

மாமா வேண்டாம் என்று கையாட்டினார். ஒரு கையைத் தரையில் ஊன்றி, முழங்கால் மளுக்கென்று சத்தம் போட, மெல்லக் குந்தினார். ஒருமுறை திரும்பிப் பார்த்தார். எனக்கும் தெரிகிறதா என்று தலையை ஆட்டிக் கேட்டார். தெரிகிறது என்றேன்.